ஆவுடைச்செல்வி உட்கார்ந்த இடம்

ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு, செல்லையா நினைவுக் கலை அறிவியல் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில், இரண்டாம் ஆண்டு படிக்கும் ஆவுடைச்செல்வியின் கையிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவை நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்து சுக்குநூறாக உடைந்தது, உடைந்த சத்தம் மட்டும் வரவில்லை. கரும்பலகையில் சமன்பாடு எழுதிக்கொண்டிருந்த ஆசிரியை தெய்வக்கனிக்கு முதுகுப்பக்கம் நடந்தது எதுவும் தெரியவில்லை. எழுதி முடித்து மேசைகளுக்கு நடுவே நடந்தபோது செருப்புக்கடியில் கண்ணாடி நெரிந்ததையும், அது சத்தமில்லாமல் நெரிந்ததையும் பார்த்துவிட்டு, "பாத்து வேல செய்யக் கூடாதாம்மா?" என்று கேட்டாள், அந்தக் கேள்வியும் வாயை விட்டு வெளியே வந்ததோடு சரி, யார் காதுக்கும் போய்ச் சேரவில்லை, கேட்டவள் காதுக்கே வரவில்லை. ஆவுடைச்செல்வி குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். மணியடிக்க இன்னும் பத்து நிமிஷம்தான் இருந்தது, அதனால் தெய்வக்கனி அடுத்த மேசைக்குப் போனாள்.

அந்தப் பெண்ணைச் சுற்றி ஒரு முழம் தூரத்துக்குச் சத்தம் நின்றுபோயிருந்தது. கொலுசு ஒலிக்கவில்லை, பேனா விழுந்தால் கேட்கவில்லை, டிபன் பாக்ஸ் மூடி திறக்கும் ஓசையில்லை, அவள் பேசினால் உதடு அசைந்தது, அவ்வளவுதான். ஏன் இப்படி ஆனது என்று அந்தக் கல்லூரியில் யாருமே கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய், கேட்டார்கள், ஒரு நாள் முழுக்கக் கேட்டார்கள், இயற்பியல் துறையிலிருந்து இரண்டு பேர் ஒரு கருவியோடு வந்து அவளைச் சுற்றி நடந்து ஏதோ குறித்துக்கொண்டும் போனார்கள், ஆனால் மறுநாளே அதைவிடப் பெரிய கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. வருகைப்பதிவு எடுக்கும்போது அவள் சொல்லும் "யெஸ் மேடம்" கேட்கவில்லையே, அவளுக்கு வருகை போடுவதா, வேண்டாமா? துறைக் கூட்டம் கூட்டினார்கள், முக்கால் மணி நேரம் பேசினார்கள், ஆவுடைச்செல்வி மட்டும் கையைத் தூக்கினால் போதும் என்று தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள், பெரிய பாறையை உருட்டிவிட்ட நிம்மதியோடு டீ குடித்தார்கள்.

வாரத்துக்கு வாரம் அது வளர்ந்தது. பெஞ்சு முழுவதும் அடங்கியது, பிறகு அந்த வரிசை, பிறகு பாதி வகுப்பு. பின்வரிசைப் பையன்கள் அவளுக்குப் பக்கத்தில் இடம்பிடிக்கப் போட்டி போட்டார்கள், அங்கே உட்கார்ந்தால் வாய்விட்டுச் சிரிக்கலாம், போன் பேசலாம், ஆசிரியருக்கு ஒன்றும் கேட்காது. நூலகர் அவளுக்கென்று ஒரு நாற்காலியை ஒதுக்கிவிட்டு, 'அமைதி காக்கவும்' பலகையைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் போட்டார். கூட்டிப் பெருக்கும் பாக்கியத்தாய் தன் மகளின் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து மதிய வேளையில் அவள் காலடியில் துணி விரித்துப் படுக்கப் போட்டாள், அது ஜெனரேட்டர் ஓடும்போதும் அசையாமல் தூங்கியது. முதல்வர் சாலமோன் ராஜதுரை எதையும் வீணாக்காத மனிதர், அவர் ஆவுடைச்செல்விக்குத் தனியாக ஒரு கால அட்டவணையே தயாரித்தார், திங்கள் காலை நூலகம், புதன் மாதத்தேர்வுக் கூடம், முகூர்த்த நாட்களில் கருத்தரங்கக் கூடம், ஏனென்றால் கல்லூரி மதில்சுவரை ஒட்டிக் கல்யாண மண்டபம் இருந்தது, முகூர்த்தம் வந்துவிட்டால் கூம்பு ஸ்பீக்கர் போடும் கூத்தில் யாரும் யாருக்கும் பாடம் நடத்த முடியாது. சொன்ன இடத்தில் எல்லாம் அந்தப் பெண் போய் உட்கார்ந்தாள். ஒரு நாளும் மாட்டேன் என்று சொன்னதில்லை, சொல்லியிருந்தாலும் யாருக்குக் கேட்டிருக்கும்!

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த தெய்வக்கனி கல்மனசுக்காரி இல்லை. அவள் ஆவுடைச்செல்விக்கு ட்யூட்டர். அந்தக் கல்லூரியில் ஒவ்வொரு ஆசிரியருக்கும் இருபத்திரண்டு பிள்ளைகளைப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள், மாதம் ஒரு முறை ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசி, பேசியதை ஒரு நோட்டில் எழுதவேண்டும் என்பது விதி. விதி நல்ல விதிதான். நடப்பு என்னவென்றால், மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது என்று தகவல் வந்ததும் எல்லோரும் ஒரே மூச்சில் உட்கார்ந்து ஆறு மாதத்துக்கும் எழுதிவிடுவார்கள், வெவ்வேறு நாளில் எழுதியது மாதிரி தெரியவேண்டுமே என்று நீலப் பேனா, கருப்புப் பேனா, கொஞ்சம் மை மங்கிய பேனா என்று மூன்று பேனா வைத்துக்கொள்வார்கள். 'மாணவி நலம். படிப்பில் கவனம் செலுத்த அறிவுறுத்தப்பட்டது.' இந்த இரண்டு வரியை எழுதி எழுதித் தெய்வக்கனியின் விரலில் காய்ப்பு காய்த்திருந்தது. பொய் எழுதுகிறோம் என்று அவளுக்குத் தோன்றியதில்லை, எல்லோரும் எழுதுவதைத்தானே எழுதுகிறோம் என்றுதான் நினைத்தாள்.

ஆவணி கடைசியில் அவள் சொல்லித்தான் முதல்வர் ஆவுடைச்செல்வியின் அப்பாவை வரவழைத்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் தீப்பெட்டி ஆலையின் அடையாள அட்டை, கொடுத்த நாற்காலியில் உட்காரவே கூச்சப்பட்டார். "வீட்லயும் அப்படித்தான் சார்" என்றார். "அவ பக்கத்துல இருந்தா டிவில ஒரு சத்தமும் கேக்க மாட்டேங்கு. சின்னவன் கத்துதான். அதான் நீ பின்கட்டுல இருந்துக்கோன்னு சொல்லிட்டோம். அவளும் சரின்னுட்டா, நல்ல புள்ள." முதல்வர் நல்ல பிள்ளைதான் என்று ஒத்துக்கொண்டார். தெய்வக்கனிக்கு ஏதோ கேட்கவேண்டும் போல இருந்தது, என்ன கேட்பது என்று பிடிபடவில்லை. அந்த மனிதர் ஷிப்டுக்கு நேரமாகிறது என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

புரட்டாசி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. மனம் ஒடிந்துபோன மாணவர்களை அடையாளம் கண்டு துணைநிற்க எல்லாக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கவேண்டுமாம், புகைப்படத்தோடு அறிக்கை அனுப்பவேண்டுமாம். மாவட்டத் தலைநகரிலிருந்து மனநல மருத்துவர் ரஹ்மத் நிஷா காரில் ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து வந்தார். ஆசிரியர்கள் விடைத்தாள் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கருத்தரங்கக் கூடத்துக்குப் போனார்கள், ஏனென்றால் பயிற்சி என்றால் பேப்பர் திருத்தும் நேரம் என்பது அங்கே எழுதாத சட்டம். மருத்துவர் மைக்கைப் பிடித்து வணக்கம் சொல்லி வாய் மூடவில்லை, பக்கத்து மண்டபத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆவணி மாதத்தின் கடைசி முகூர்த்தம், அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. முதல்வர் கடைசி வரிசையைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், பணியாளர் ஒருவர் ஓடிப்போய் வகுப்பிலிருந்து ஆவுடைச்செல்வியைக் கூட்டிவந்தார், ஜன்னலோரம் ஒரு நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார்கள்.

பாட்டு நின்றது. அதோடு மின்விசிறிச் சத்தம் நின்றது, தாள் புரளும் சத்தம் நின்றது, மருத்துவரின் குரலும் நின்றது, ஏனென்றால் அதற்குள் அந்த வட்டம் ஒரு கூடத்தை விழுங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டிருந்தது, யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. மருத்துவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார், காதைத் தடவிக்கொண்டார். முதல்வர் முன்வரிசையிலிருந்து இரண்டு கையாலும் ஜாடை காட்டினார், நன்றாகக் கேட்கிறது, தொடருங்கள் என்று. எழுபது ஆசிரியர்களும் தலையை ஆட்டினார்கள். இவ்வளவு கவனமாகத் தலையாட்டும் கூட்டத்தை அந்த மருத்துவர் எங்கேயும் பார்த்திருக்கமாட்டார், தன் காதுதான் அடைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பேசினார், கையை விரித்தார், நெஞ்சைத் தொட்டுக் காட்டினார், கடைசி அரைமணி நேரம் மேடையை விட்டு இறங்கி வந்து கெஞ்சுவது போல எதையோ சொன்னார். ஆசிரியர்கள் பேப்பர் திருத்தினார்கள். தெய்வக்கனி மூன்று பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டு ட்யூட்டர் நோட்டை எழுதினாள், பத்தடி தள்ளி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளின் பெயருக்கு நேராகக் கருப்புப் பேனாவில் 'மாணவி நலம்' என்று எழுதி, முற்றுப்புள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

அப்போதுதான் பார்த்தாள். அந்தக் கூடத்தில் ஒரே ஒருத்தி மட்டும் மருத்துவரின் உதட்டை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்காலி நுனிக்கு வந்து, கழுத்தை நீட்டி, ஒரு சொல்லாவது பிடிபடாதா என்று தவித்துக்கொண்டு, ஆவுடைச்செல்வி.

தெய்வக்கனிக்கு வெட்கமாக இருந்தது. நோட்டை மூடினாள். மேடைத் திரையில் கடைசியாக மருத்துவரின் கைப்பேசி எண் தெரிந்தது, வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டாள். பிறகு எல்லோருக்கும் சமோசாவும் சான்றிதழும் கிடைத்தன. காரில் ஏறும்போது மருத்துவர், "ஜன்னல்கிட்ட உக்காந்திருந்த பொண்ணு யாரு?" என்று கேட்டார். "நம்ம பிள்ளைதான் டாக்டர், உதவிக்கு வந்திருக்கு" என்று சொல்லி முதல்வர் கார்க் கதவைச் சாத்தினார்.

மறுநாள் தெய்வக்கனி ஆவுடைச்செல்வியை ஆய்வகத்தை ஒட்டிய தராசு அறைக்குக் கூப்பிட்டாள். காற்று படாமல் இருக்கவேண்டும் என்று ஜன்னலே வைக்காத சின்ன அறை அது. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். "என்னம்மா ஆச்சு உனக்கு?" என்று கேட்டாள், கேட்டது கேட்கவில்லை, ஆனால் கேட்கிறாள் என்பது அவள் முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். ஆவுடைச்செல்வி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பிறகு பேச ஆரம்பித்தாள். அந்தப் பிள்ளை இவ்வளவு பேசும் என்று தெய்வக்கனி நினைத்ததே இல்லை, உதடு ஓயாமல் அசைந்தது, நடுவில் அழுதாள், துடைத்துக்கொண்டு பேசினாள், ஒரு விரலால் மேசையில் கோடு போட்டுக் காட்டி எதையோ விளக்கினாள், இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம். தெய்வக்கனிக்கு 'அம்மா' என்ற ஒரு சொல் மட்டும் உதட்டசைவில் பிடிபட்டது, அதுவும் அம்மாதானா என்று நிச்சயமில்லை. நிறுத்து, எனக்குப் புரியவில்லை, எழுதிக் காட்டு என்று சொல்ல வாய் வரவில்லை, நிறுத்தினால் இந்தப் பிள்ளை மறுபடி திறக்குமா என்று பயம். அதனால் தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். எல்லாம் முடிந்தபின் ஒரு தாளையும் பேனாவையும் தள்ளினாள், ஆவுடைச்செல்வி அதில், 'ஒண்ணுமில்ல மேடம். கூப்பிட்டதுக்கு தேங்க்ஸ்' என்று எழுதிவிட்டு எழுந்து போனாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது தெய்வக்கனிக்கு மனசு லேசாக இருந்தது, அதை இப்போது சொன்னால் கேவலமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான். ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்தாயிற்று, அது மனசில் இருந்ததைக் கொட்டிவிட்டது, இனி மெல்ல மெல்லச் சரியாகும் என்று நினைத்தாள்.

சரியானது. பதினாறு நாள் கழித்து ஒரு வியாழக்கிழமை முதல் மணி நேரத்தில் தெய்வக்கனி வருகைப்பதிவு எடுத்தபோது, பழக்கத்தில் நிமிர்ந்து தூக்கிய கையைத் தேடினாள், கை தூக்கப்படவில்லை, அதற்குப் பதில் "யெஸ் மேடம்" என்று கணீரென்று ஒரு குரல் வந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது, கை தட்டியது. அவள் நடந்தால் கொலுசு கேட்டது, சிரித்தால் சிரிப்பு கேட்டது, மதிய வேளையில் பாக்கியத்தாயின் பேத்தி முதல் முறையாக அவள் காலடியில் வீறிட்டு அழுதது, அதைக் கேட்டும் சிரித்தார்கள். நூலகர் பீரோவுக்குப் பின்னாலிருந்து பலகையைத் தூசி தட்டி எடுத்து மாட்டினார். முதல்வருக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம், பல்கலைக்கழகத் தேர்வு வருகிறது, பெரிய கூடத்தை அவளை நம்பித்தான் ஒதுக்கியிருந்தார், ஆனாலும் பெரிய மனசோடு அலுவலகம் முழுக்க லட்டு கொடுத்தார். தெய்வக்கனி நீலப் பேனாவை எடுத்து, 'மாணவி நலம்' என்று எழுதினாள். இத்தனை வருஷத்தில் தான் பார்த்து, தெரிந்து, மனசறிய எழுதிய வரி இது ஒன்றுதான் என்று நினைத்தபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மூன்றரை மணிக்கு ஆவுடைச்செல்வி ரெக்கார்டு நோட்டுகள் நான்கையும் அட்டை போட்டுக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கினாள். ஒரு படம்கூடப் பாக்கி இல்லை. "போய்ட்டு வாரேன் மேடம்" என்றாள், முகம் கழுவினாற்போல் தெளிவாக இருந்தது. அவள் போன கொஞ்ச நேரத்தில் பாக்கியத்தாய் விளக்குமாற்றை ஒரு கையிலும் பூப்போட்ட குடை ஒன்றை மறு கையிலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"இந்தா பாருங்க கனி மேடம், ஐப்பசி அடைமழை வரப்போகுது, இந்தப் புள்ள குடைய எங்கையில குடுத்துட்டுப் போகுது. உனக்கு வேண்டாமாட்டின்னு கேக்கேன், 'எனக்கு இனிமே எதுக்குக்கா'ங்கு. அந்த கால்குலேட்டரையும் கூடப்படிக்கிற புள்ளைக்கே குடுத்துருச்சாம். ரொம்பத் தாராள மனசுதான்."

பாக்கியத்தாய் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தெய்வக்கனிக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது, வந்த சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நோட்டைப் புரட்டி அந்த எண்ணைத் தேடி எடுத்து மருத்துவரைக் கூப்பிட்டாள். குடையைச் சொன்னாள், கால்குலேட்டரைச் சொன்னாள், ரெக்கார்டு நோட்டைச் சொன்னாள்.

"மேடம், அன்னைக்குக் கடைசி அரை மணி நேரம் இதைத்தானே சொன்னேன்? ரொம்ப நாளா ஒடிஞ்சு கிடந்த பிள்ளை திடீர்னு தெளிஞ்சா, கையில இருக்கறதை எல்லாம் எடுத்துக் குடுத்தா, நிம்மதியாகிடாதீங்க, அன்னைக்குத்தான் பக்கத்துல இருக்கணும்னு சொன்னேனே. எல்லாரும் தலையை ஆட்டுனீங்களே!"

"கேக்கல டாக்டர்."

"என்ன?"

"எங்க யாருக்கும் ஒண்ணுமே கேக்கல."

மருத்துவர் கோபித்துக்கொள்ளவில்லை, அதற்கு நேரமில்லை. "பிள்ளை எங்க இருக்கு? போய்ப் பிடிங்க. சாகணும்னு தோணுதான்னு நேராவே கேளுங்க, சுத்தி வளைக்காதீங்க, கேக்கறதால அந்த நினைப்பு புதுசா வந்துடாது. ஒரு நிமிஷம்கூடத் தனியா விடாதீங்க. நான் கிளம்பிட்டேன், வந்து சேர ஒண்ணரை மணி நேரம் ஆகும்."

தெய்வக்கனி ஓடினாள். முப்பத்தெட்டு வயசில், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாணவர்கள் பார்க்கப் பார்க்க ஓடினாள். வராந்தாவில் எதிர்ப்பட்ட முதல்வர், "என்ன மேடம் ஓட்டம்? பிள்ளைக்குத்தான் சரியாயிடுச்சே, ஒரு லட்டு எடுத்துக்கோங்க" என்றார். பேருந்து நிறுத்தம் கல்யாண மண்டப வாசலிலேயே இருந்தது, உள்ளே ஏதோ காதுகுத்து, கூம்பு ஸ்பீக்கர் நான்கு பக்கமும் அலறியது, அதை விழுங்க இப்போது யாரும் இல்லை. பேருந்து வந்து நின்றிருந்தது, ஆவுடைச்செல்வி படியில் ஒரு காலை வைத்திருந்தாள். தெய்வக்கனி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "ஏறுதியா இல்லையாம்மா?" என்று நடத்துநர் கத்தினார், ஒரு நொடி பார்த்துவிட்டு விசிலடித்தார், பேருந்து போனது.

"என்ன மேடம்?"

தெய்வக்கனி கேட்டாள். மெல்லத்தான் கேட்டாள், நாலு பேர் நிற்கும் இடத்தில் ஒரு பெண்பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா அது? பாட்டு அதை அடித்துக்கொண்டு போனது. "கேக்கல மேடம்" என்று ஆவுடைச்செல்வி காதைக் கொடுத்தாள். மறுபடி கேட்டாள், அதுவும் கேட்கவில்லை. மூன்றாம் தடவை தெய்வக்கனி தொண்டை கிழியக் கத்தினாள்.

"உனக்குச் சாகணும்னு தோணுதா ஆவுடை?"

நிறுத்தத்தில் நின்றவர்கள், பூக்காரி, மொய்க் கவரோடு மண்டபத்துக்குள் போய்க்கொண்டிருந்தவர்கள், எல்லோரும் திரும்பினார்கள்.

"ஆமா மேடம்" என்றாள் ஆவுடைச்செல்வி, வருகைப்பதிவுக்குச் சொல்வதைப் போல.

தெய்வக்கனி அவளையும் இழுத்துக்கொண்டு நிறுத்தத்துச் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்தாள். இந்தப் பதிலுக்கு அப்புறம் என்ன கேட்பது என்று மருத்துவர் சொல்லவில்லை, ஒருவேளை அந்த இரண்டு மணி நேரத்தில் எங்கேயாவது சொல்லியிருப்பார். பிடித்த கையை இன்னும் இறுக்கினாள், அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"அன்னைக்கு தராசு ரூம்ல நீ அவ்வளவு சொன்னியேம்மா" என்றாள், அழுகை வந்துவிட்டது. "எனக்கு ஒரு வார்த்தைகூடக் கேக்கல. சும்மா தலையை ஆட்டுனேன்."

"தெரியும் மேடம். கேக்காதுன்னு தெரிஞ்சுதான் எல்லாத்தையும் சொன்னேன்."

மருத்துவர் வர இன்னும் ஒன்றேகால் மணி நேரம் இருந்தது. "இப்ப கேக்குதும்மா, இப்ப சொல்லு" என்றாள் தெய்வக்கனி, பாட்டை மீறிச் சொன்னாள், திரும்பத் திரும்பச் சொன்னாள். ஆவுடைச்செல்வி கையை உருவிக்கொள்ளவில்லை, எழுந்து போகவும் இல்லை. எதிரே மண்டபத்துக்குள் போகிறவர்களையும் வருகிறவர்களையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை.